திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகளுக்கும் ஒரு பதிவேடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிக்கு வராத பிள்ளைகளைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். வறுமை, தூரம், பெண்பிள்ளைகளை வீட்டு வேலைக்கு நிறுத்திக்கொள்வது பற்றியெல்லாம் எழுதியிருந்ததில் எனக்கு மறுப்பில்லை. ஆனால், கடைசியில் பழி முழுவதையும் பெற்றோரின் அக்கறையின்மை மீது போட்டுவிட்டார் கட்டுரையாளர். பள்ளி அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற என்னால் அதை ஏற்க முடியவில்லை. அக்கறையில்லாதவர்கள் பள்ளி வாசல்வரை வருவதே இல்லை. நான் பார்த்தவர்கள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்து நின்று, ஏதோ ஒரு சான்றிதழ் இல்லை என்பதால் திரும்பிப் போனவர்கள்.

2003-இல் கென்யா அரசு தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியபோது, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். பெற்றோருக்கு ஒரே ஆண்டில் திடீரென்று அக்கறை பிறந்துவிட்டதா?

கட்டணத்தை எடுத்துவிட்ட இடங்களிலும் காகிதம் குறுக்கே நிற்கிறது. பிறப்புச் சான்றிதழ், முகவரிச் சான்று, மாற்றுச் சான்றிதழ் மூன்றும் வேண்டும். கட்டட வேலைக்காக ஊர் ஊராகப் போகிற குடும்பம் தங்கியிருக்கும் கொட்டகைக்கு யார் வாடகை ஒப்பந்தம் எழுதித் தருவார்கள்? மாற்றுச் சான்றிதழுக்காகப் பழைய பள்ளிக்குப் போனால், பாக்கியைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்பார்கள். அங்கே பெயரில் ஓர் எழுத்து பிழையாக இருந்துவிட்டால் அதைத் திருத்த இன்னொரு அலுவலகம், இன்னொரு நாள் கூலி. எல்லாம் கைக்கு வரும்போது பாதி ஆண்டு போயிருக்கும். தன்னைவிடச் சிறியவர்களோடு உட்கார வெட்கப்பட்டு அந்தப் பிள்ளையே வேண்டாம் என்றுவிடும். அதற்குப் பிறகு அதன் பெயர் 'இடைநின்றவர்' பட்டியலில் ஏறும்.

இதற்குச் சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. தொடக்கக் கல்வி இலவசமாகவும் கட்டாயமாகவும் இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டு மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவு சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்பது இந்தியாவின் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தராமல் இழுத்தடிக்கும் தலைமையாசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில், குடியுரிமை ஆவணம் இல்லாத பிள்ளைகளுக்கும் அரசுப் பள்ளியில் இடம் உண்டு என்று 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்துக்கு நான்கு என்று ஒரே ஒரு நீதிபதியின் வித்தியாசத்தில் கிடைத்த தீர்ப்பு அது என்பதையும் சொல்ல வேண்டும்.

பிறகு ஏன் இன்னும் கேட்கிறார்கள்? அலுவலக மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சான்றிதழ் இல்லாமல் ஒரு பிள்ளையைச் சேர்த்தால், தணிக்கை நாளில் எழுத்தர் விளக்கம் எழுதித் தர வேண்டும். சேர்க்காமல் அனுப்பினால் யாரும் எதுவும் கேட்பதில்லை. சேர்ந்த பிள்ளைக்குச் சேர்க்கைப் பதிவேட்டில் ஒரு வரி உண்டு; திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைக்கு எந்த ஏட்டிலும் இடம் இல்லை. சட்டம் என்ன சொன்னாலும், பயம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் பேனா சாயும். எழுத்தர்களை மட்டும் திட்டுவதில் பயனில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய திட்டம் அல்ல. சேர்க்கை கேட்டு வந்து, கிடைக்காமல் போன ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிகளில் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். பெயர், வந்த தேதி, மறுத்த காரணம், மறுத்தவரின் கையெழுத்து. அதன் நகல் ஒன்றைப் பெற்றோரிடமும் கொடுத்துவிட வேண்டும். கையெழுத்துப் போடத் தயங்குகிறவர்கள் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வார்கள். குறையும் சான்றிதழைப் பழைய பள்ளிக்கு எழுதி வரவழைக்கும் வேலையைப் பள்ளி அலுவலகமே செய்யலாம். தபாலும் தொலைபேசியும் அங்கேதான் இருக்கின்றன. ஆய்வுக்கு வரும் அதிகாரி வருகைப் பதிவேட்டுக்கு முன்னால் இந்தப் புதிய பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். இதைக் கல்வித் துறையிடம் உங்கள் இதழ் வலியுறுத்தி எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பள்ளி எழுத்தர் ஒருவர்