செஞ்சி உச்சியிலிருந்து அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

எத்தனை பௌர்ணமிக்கு நாம் புதுச்சேரியிலிருந்து திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலைக்குப் போயிருப்போம்! செஞ்சி தாண்டியதும் நீ பேச்சை நிறுத்திவிடுவாய். ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி, கோட்டை மதில் கண்ணிலிருந்து மறையும்வரை பார்ப்பாய். "ஒருநாள் இங்கே இறங்கி உச்சிவரை ஏறிவிட வேண்டும்" என்பாய். கிரிவலம் தவறிவிடும் என்று ஒருநாளும் இறங்கவில்லை. இப்போது உன் முழங்கால் படி ஏற விடாது. அதனால் போன ஞாயிற்றுக்கிழமை உனக்கும் சேர்த்து நான் ஏறினேன்.

டிக்கெட் கொடுக்கத் தொடங்கியதுமே கோட்டையின் மூன்று மலைகளில் உயரமான ராஜகிரியில் ஏற ஆரம்பித்தேன். சுமார் 800 அடி உயரம். தொடக்கத்தில் மர நிழல் உண்டு. போகப் போக வெறும் பாறைதான். படிகள் ஒரே அளவில் இல்லை. ஒன்று கணுக்கால் உயரம், அடுத்தது முழங்கால் உயரம். பலரும் மிதித்து மிதித்து நடுவில் வழவழப்பாகியிருந்த ஒரு படியில் சற்று உட்கார்ந்தேன். காலை ஒன்பது மணிக்கே கல் சுட்டது. பக்கத்தில் ஒரு குரங்கு என் பையையே பார்த்துக்கொண்டிருந்தது.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை பிளந்து கிடக்கிறது. சுமார் 24 அடி அகலம், 60 அடி ஆழம். அந்தக் காலத்தில் இதன்மேல் மரப்பாலம் போட்டிருந்தார்களாம். எதிரி வந்தால் இழுத்துவிடலாம். இன்றுள்ள பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்தேன். பிளவுக்குள்ளிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் அடித்தது. அவ்வளவு வெயிலிலும் அந்த இடம் மட்டும் குளிர்ச்சி.

மேலே ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, களஞ்சியம், ஒரு பீரங்கி இருக்கின்றன. நீ கேட்கப்போவது அதையல்ல என்று தெரியும். என்ன தெரிந்தது என்றுதானே கேட்பாய்? வடக்கே சாலைக்கு அப்பால் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் சந்திரகிரி. மூன்று மலையையும் முக்கோணமாகக் கோத்துக்கொண்டு மதில் ஓடுகிறது. கீழிருந்து பார்த்தால் அங்கங்கே சுவர்தான் தெரியும். மேலிருந்துதான் அது ஒரே வளையம் என்று புரிகிறது. கல்யாண மகாலின் கூம்புக் கூரை கொலுப்படியில் வைக்கும் பொம்மை வீடுபோல இருந்தது. ஏரிகள் வெயிலில் தகடுபோல மின்னின. மேற்கே நீலமாக ஒரு மலை மங்கலாய்த் தெரிந்தது. அண்ணாமலைதான் என்று வைத்துக்கொண்டு உனக்காக ஒரு கும்பிடு போட்டேன். நம் பஸ் போகும் சாலை நூல்போலக் கிடந்தது.

அந்தச் சாலையைப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. நாம் அழகு என்று ரசிக்கிற இந்தக் காட்சி, இங்கே காவல் இருந்தவனுக்கு வேலை. எந்தத் திசையில் புழுதி கிளம்புகிறது, எந்த ஏரிக்கரையில் புதிதாகக் கூடாரம் முளைத்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்காகத்தான் இந்த உச்சியைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். 1677இல் சிவாஜி இந்தக் கோட்டையைக் கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் ஔரங்கசீப்பின் படைக்குத் தப்பி மராட்டிய நாட்டிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது இதை நம்பித்தான். 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல்தான். அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். எட்டு ஆண்டுகள் அக்கா! எட்டு அறுவடையை இந்த உச்சியிலிருந்து யாரோ ஒருவன் பார்த்துக்கொண்டே நின்றிருப்பான். அரை மணி நேரம் நின்ற எனக்கே கண் கூசிவிட்டது.

வடக்கே சிங்கவரம் குன்று இருக்கும் திசையைப் பார்த்து வெகுநேரம் நின்றேன். அம்மா சொன்ன தேசிங்கு ராஜா கதை நினைவிருக்கிறதா? போருக்குப் புறப்படுமுன் சிங்கவரம் ரங்கநாதரிடம் விடை கேட்கப் போனான். பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்படியும் பாராசாரி என்ற தன் குதிரையில் ஏறிப் போனான். கல்யாண மாலையைக் கழற்றிவிட்டு அவனோடு போர்க்களம் போன முஸ்லிம் நண்பன் இடத்தில் அம்மாவின் குரல் எப்போதும் உடையும். 1714இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு மோதி மாண்டபோது தேசிங்குக்கு வயது இருபத்திரண்டு என்கிறார்கள். நம் சின்னவனின் வயது.

ஒரு வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டபச் சுவர்களில் ஆணியால் கீறிய பெயர்கள், அம்பு துளைத்த இதயங்கள். 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான். பீரங்கிக்குத் தப்பிய சுவர்ப்பூச்சு ஓர் ஆணிக்குத் தப்பவில்லை. ஒரு பையன் கீற ஆரம்பித்தபோது கையைப் பிடித்து நிறுத்தினேன். கோபப்படாமல் இறங்கிப் போனான். நல்ல பிள்ளைதான், அதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இறங்கிய பிறகு அடிவாரத்தைச் சுற்றினேன். கல்யாண மகால், தானியக் களஞ்சியம், ஆனைக்குளம், வெங்கடரமணர் கோயில் எல்லாமே கீழேதான். மலையேற வேண்டியதே இல்லை. களஞ்சியத்துக்குள் கைதட்டினால் ஓசை வளைவுக் கூரையில் உருண்டு திரும்பி வருகிறது, உனக்குப் பிடிக்கும். இன்னொன்று. நீ தினமும் மாலையில் நடக்கிற கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றனவே உயரமான கல்தூண்கள், அவை செஞ்சியிலிருந்து போனவை. நாளைக்குப் போகும்போது அவற்றில் ஒன்றைக் கையால் தொட்டுப் பார்.

வருகிற பௌர்ணமிக்குக் காலையிலேயே கிளம்பி வா. செஞ்சி பஸ் நிலையத்தில் நான் காத்திருக்கிறேன். ஆட்டோவில் கோட்டை வாசல்வரை போய்விடலாம். ஆனைக்குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிடப் புளியோதரை மட்டும் கட்டிக்கொண்டு வா. உன் கைப் பக்குவம் எனக்கு வராது.

அன்புடன்,
உன் தம்பி