லென்ஸ் வாங்கச் சொல்லும் முன் ஃபிலிமை மாற்றுங்கள்: விஸ்காம் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். எல்லாம் கைப்பேசியிலேயே முடிந்துவிடும் இந்தக் காலத்திலும் இருட்டறையை மூடாமல் வைத்திருக்கிறீர்கள். அதற்கு நன்றி. அந்த அக்கறையை நம்பித்தான் ஒரு கோரிக்கை வைக்கிறேன்.

நான் பார்க்கும் மாணவர்கள் பலரிடம் தாத்தா, மாமா காலத்து நிக்கான், பென்டாக்ஸ் கேமராக்கள் இருக்கின்றன. அவற்றின் 50 எம்எம் லென்ஸ்கள் இன்றைக்கும் அருமையானவை. ஆனால் வகுப்பில் கிடைப்பது பெரும்பாலும் நூறடிச் சுருளிலிருந்து வெட்டிய 400 ஐஎஸ்ஓ ஃபிலிம்தான். (ஐஎஸ்ஓ என்பது ஒளியை உணரும் வேகம். எண் கூடினால் குறைந்த வெளிச்சத்திலும் படமெடுக்கலாம், ஆனால் பொதுவாக நுட்பம் குறையும்.) படம் கூர்மையாக வராவிட்டால் பிள்ளைகள் லென்ஸைச் சந்தேகிக்கிறார்கள், விலை கூடிய லென்ஸுக்குக் காசு சேர்க்கிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். லென்ஸ் ஒரு மில்லிமீட்டரில் 100 கோட்டு இணைகளைப் (ஒரு கறுப்பு, ஒரு வெள்ளைக் கோடு சேர்ந்தது ஓர் இணை) பிரித்துக் காட்டுகிறது, ஃபிலிம் 50 என்று வைத்துக்கொள்வோம். தலைகீழ் எண்களைக் கூட்டும் பழைய தோராயச் சூத்திரப்படி நெகட்டிவில் மிஞ்சுவது சுமார் 33. லென்ஸை இரண்டு மடங்கு நல்லதாக்கினால் 40. லென்ஸை அப்படியே விட்டு ஃபிலிமை இரண்டு மடங்கு நுட்பமானதாக்கினால் 50! 8க்கு 10 அங்குல பிரிண்ட் என்பது ஏறக்குறைய எட்டு மடங்கு பெரிதாக்கம். பிரிண்டில் ஒரு மில்லிமீட்டருக்கு என்று பார்த்தால் 33 என்பது 4 ஆகும், 50 என்பது 6ஐ ஒட்டி வரும். கையில் பிடித்துப் பார்த்தாலே தெரிகிற வித்தியாசம் அது.

ஃபிலிம் நிறுவனம் தரும் தரவுத்தாளின் பெரிய எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கோடாக் டி-மேக்ஸ் 100க்கு 200 என்று போட்டிருப்பது 1000:1 கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு) உள்ள சோதனை அட்டைக்கு. 1.6:1 என்றால் அதே ஃபிலிமுக்கு 63தான். கோயில் தூணின் நிழல் பக்கம், முகத்தின் தோல் எல்லாம் இதற்குத்தான் நெருக்கம்.

என் தேர்வு இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ், 125 ஐஎஸ்ஓ. டி-மேக்ஸ் 100ம் இல்ஃபோர்டின் டெல்டா 100ம் இன்னும் நுண்ணிய கிரெய்ன் (படத்தில் தெரியும் பொடிமணி) கொண்டவை, உண்மைதான். ஆனால் டெவலப்பரின் (ஃபிலிமில் படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசல்) வெப்பநிலையிலோ நேரத்திலோ கொஞ்சம் பிசகினாலும் டி-மேக்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். மே மாதத்தில் சென்னைக் குழாயில் வருவது கிட்டத்தட்ட வெந்நீர். ஐஸ் கட்டி வைத்து 20 டிகிரிக்கு இறக்கி, கடைசிவரை அங்கேயே நிறுத்தப் பழகிய பிறகு அதற்குப் போகட்டும். எஃப்பி4 முன்னே பின்னே ஆனாலும் தாங்கும்.

400ஐ ஒதுக்கச் சொல்லவில்லை. மேடை நாடகம், இரவுக் கடைத்தெரு, ஓடும் பிள்ளைகள் என்றால் இல்ஃபோர்டின் 400 ஐஎஸ்ஓ ஃபிலிமான எச்பி5தான் சரி. ஷட்டர் 1/15க்கு இறங்கி, கை ஆடிவிட்டால் நுண்ணிய கிரெய்னால் ஒரு பயனும் இல்லை. அதனால்தான் 125 ஃபிலிமோடு டிரைபாடும் கேட்கிறேன். அப்புறம், லென்ஸின் துவாரத்தை எஃப்/5.6, எஃப்/8 பக்கம் வைக்கச் சொல்லுங்கள் (எண் கூடினால் துவாரம் சிறிதாகும்). எஃப்/16க்கு மூடினால் ஒளி வளைந்து கூர்மை குறையும்.

ஊட்டியில் ‘இந்து’ (Indu) என்ற உள்நாட்டு ஃபிலிம் தயாரான காலம் போய்விட்டது. வெளிநாட்டுச் சுருளின் விலை உங்களுக்கே தெரியும். எஃப்பி4 நூறடிச் சுருளாகவும் வருகிறது. 36 படச் சுருள்கள் சுமார் 18 தேறும். அடுத்த கொள்முதல் பட்டியலில் ஒரு 400 சுருளுக்குப் பதிலாக இதைச் சேருங்கள். ஒரே லென்ஸ், ஒரே டிரைபாட், ஒரே சுவர், இரண்டு ஃபிலிம் என்று ஒரு பயிற்சி கொடுங்கள். இரண்டையும் 8க்கு 10ல் பிரிண்ட் போட்டுப் பார்த்த பிறகு, புது லென்ஸ் வேண்டுமா என்று மாணவர்களே முடிவு செய்யட்டும்.

அன்புடன்,
ஃபிலிமில் படமெடுக்கும் ஒருவர்