நாலு கட்டமாகப் பிரித்துப் பார்

அன்புள்ள சுமதிக்கு,

கடிதம் கிடைத்தது. நிறமும் பாலினமும் சேர்ந்து தாக்கும் பாகுபாட்டைப் பற்றிச் சட்ட மாணவிகளுக்கு வகுப்பெடுக்கப் போகிறாய் என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். கோட்பாட்டில் ஆரம்பிக்காதே. 1976-இல் தீர்ப்பான டிகிராஃபென்ரீட் வழக்கை எடு. நிறத்தையும் பாலினத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் கறுப்பினப் பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்ற வாதத்தை 1989-இல் அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா கட்டியதும் இதையும் வைத்துத்தான்.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஊரின் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை அங்கே வேலைக்கு எடுக்கும் வழக்கமே இல்லை. எழுபதுகளின் மந்தத்தில் ஆட்குறைப்பு வந்தபோது, கடைசியில் சேர்ந்தவரை முதலில் அனுப்பும் சீனியாரிட்டி விதி. 1970-க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போயிற்று. அன்றைக்குக் கதவைச் சாத்திய நிறுவனமே, இன்றைக்கு சர்வீஸ் போதாது என்கிறது! ஐந்து பெண்கள் வழக்குப் போட்டார்கள். வெள்ளைக்காரப் பெண்களை முன்பே எடுத்திருப்பதால் பாலினப் பாகுபாடு இல்லை. நிறப் பாகுபாடு என்றால் ஏற்கெனவே நடக்கும் இன்னொரு வழக்கில் சேர்ந்துகொள்ளுங்கள் என்றது நீதிமன்றம். இரண்டையும் இணைத்துக் கேட்க வழியில்லையாம். 1977 மேல்முறையீட்டில் இந்தக் காரணத்தை முழுதாக ஏற்கவில்லை; ஆனாலும் சீனியாரிட்டி முறைக்குச் சட்டமே பாதுகாப்புத் தந்ததால் அந்தப் பெண்கள் தோற்றார்கள்.

அப்புறம் ஒரு கற்பனைக் கணக்கைப் பலகையில் நாலு கட்டமாகப் போடு. ஓர் ஆலையில் 100 பேர்: வெள்ளை ஆண்கள் 50, கறுப்பு ஆண்கள் 20, வெள்ளைப் பெண்கள் 25, கறுப்புப் பெண்கள் 5. ஆட்குறைப்பில் அந்த 5 பேர் மட்டும் போகிறார்கள். பெண்களில் 30-க்கு 25 பேர் மிச்சம், 83 சதவீதம். கறுப்பினத்தவரில் 25-க்கு 20, சரியாக 80 சதவீதம். ஆண்களும் வெள்ளையரும் 100 சதவீதம். 1978-இல் அமெரிக்க அரசு வகுத்த ஐந்தில் நாலு பங்கு அளவுகோலில், ஒரு பிரிவின் விகிதம் அதிக விகிதமுள்ள பிரிவினுடையதில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால்தான் பொதுவாகச் சந்தேகம். ஆக பெண்கள், கறுப்பினத்தவர் என்ற இரண்டு பட்டியலும் தேறிவிடும், கறுப்புப் பெண்களில் ஒருவர்கூட மிஞ்சாத ஆலையில்! மாணவிகளே கூட்டிப் பார்க்கட்டும், நீ விடையைச் சொல்லாதே.

ஒரு கேள்வி நிச்சயம் வரும்: 5 பேரை வைத்துப் புள்ளிவிவரம் பேசலாமா? நியாயமான கேள்வி. சிறு எண்ணிக்கையில் ஒருவர் கூடினாலே சதவீதம் தலைகீழாகும். அதனால் ஆள் சேர்த்த தேதி, எந்தப் பிரிவு, பதவி உயர்வை முடிவு செய்தது யார் என்ற ஆவணங்களையும் கூடவே வைக்க வேண்டும். வெறும் சதவீதத்தோடு போகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

1980-இல் ஹூஸ்டனில் இருந்து வந்த ஜெஃப்ரீஸ் வழக்கையும் சேர்த்துக்கொள். கறுப்பு ஆணையோ வெள்ளைப் பெண்ணையோ ஒதுக்காத இடத்திலும் கறுப்புப் பெண்ணை ஒதுக்க முடியும் என்று மேல்முறையீட்டு நீதிமன்றமே ஒப்புக்கொண்டது அதில்தான். நம் பஞ்சாயத்துச் சட்டத்தில் பட்டியலினத்தவருக்கான இடங்களுக்குள்ளேயே பெண்களுக்குத் தனிப் பங்கு வைத்திருப்பதை அந்த இடத்தில் கேட்டால், பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும்.

இரண்டு தீர்ப்புகளின் நகலையும் அடுத்த வாரம் தபாலில் அனுப்புகிறேன்.

அன்புடன்,
கலா