மூன்று வருடக் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இயற்கை விவசாயம் பற்றிய உங்கள் கட்டுரையில் உரம், பூச்சி, சான்றிதழ், சந்தை எல்லாம் இருந்தன, நிலம் யாரிடமிருந்து வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவில் ஆர்கானிக் சான்றிதழ் வேண்டுமென்றால், தடைசெய்த ரசாயனம் எதுவும் மூன்று வருடமாக அந்த நிலத்தில் படவில்லை என்று காட்ட வேண்டும். சரி, நல்ல விதிதான். அதற்கு முந்தைய கணக்கை யார் கேட்பது? 1887-இல் வந்த டாவ்ஸ் சட்டம் அங்குள்ள பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டாகப் பிரித்தது, மீதியை வெளியாருக்குத் திறந்துவிட்டது. பழங்குடிகளிடம் 13.8 கோடி ஏக்கர் இருந்தது, 1934-இல் 4.8 கோடி ஏக்கர்தான் மிச்சம். அப்படிக் கைமாறிய நிலத்துக்கும் இன்று ஆர்கானிக் முத்திரை வாங்கலாம், தடையே இல்லை.

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில ஏரிகளில் ஒஜிப்வே பழங்குடி மக்கள் மனூமின் என்ற தானியம் எடுப்பதைப் பாருங்கள். கடைகளில் 'வைல்டு ரைஸ்' என்று விற்கிறார்களே, அதுதான் (பெயரில்தான் அரிசி, நெல்லுக்குத் தூரத்துச் சொந்தம்). ஒருவர் கழி ஊன்றிப் படகைத் தள்ள, இன்னொருவர் ஒரு கோலால் தண்ணீரில் நிற்கும் கதிர்த்தாளை வளைத்து மறு கோலால் மெல்லத் தட்டுவார், முற்றிய மணி படகுக்குள் உதிரும், கொஞ்சம் தண்ணீரிலும் விழும், அதுதான் அடுத்த வருடத்துக்கு விதை. உழவும் இல்லை, உரமும் இல்லை. அப்புறம் இதே தானியத்தை மணி சட்டென்று உதிராத ரகமாக மாற்றி, இயந்திரம் இறங்க வசதியாக வயல் கட்டி வளர்க்க ஆரம்பித்தார்கள். இன்று கலிபோர்னியா வயல்களிலிருந்தும் வருகிறது, பெயர் மட்டும் இன்னும் 'வைல்டு'! எனக்கு இதில்தான் கோபம்.

அமெரிக்க அரசுக்கு நிலத்தை விட்டுக்கொடுத்த 1837 ஒப்பந்தத்திலேயே மனூமின் எடுக்கும் உரிமையைத் தங்களுக்கென்று வைத்துக்கொண்டார்கள் ஒஜிப்வேக்கள். அந்த ஒப்பந்த உரிமைகள் இன்னும் செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 1999 வரை ஆனது. உரிமை இருந்தும் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியில் சுரங்கம் வந்தால்? சுரங்கத்திலிருந்து கசியும் சல்பேட் என்ற உப்பு மனூமினைக் கெடுக்கும். மனூமின் விளையும் நீரில் சல்பேட் லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று மின்னசோட்டா 1973-லேயே விதி போட்டது, அதை அமல்படுத்தத்தான் பல வருடம் யாருக்கும் மனசு வரவில்லை. ஏரிக்கு ஆர்கானிக் முத்திரை குத்தினால் சல்பேட் வராமல் நின்றுவிடுமா என்ன? அந்தத் தண்ணீர் விஷயத்தில் அந்த மக்களின் பேச்சு எடுபட வேண்டும்.

அடுத்த முறை ஒரு பண்ணையைப் பற்றி எழுதும்போது, மண்ணில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்கும் கையோடு, இந்த மண் உங்களுக்கு எப்படி வந்தது என்றும் கேட்கச் சொல்லுங்கள் உங்கள் நிருபரை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்