சிங்கப்பூர் துவாஸ் குப்பை எரிப்பு ஆலையை இரவில் வந்து சோதிக்கக் கோரி மூன்றாவது மனு

அனுப்புநர்: துவாஸ் தங்கும் விடுதி, மூன்றாம் மாடித் தொழிலாளர்கள்
பெறுநர்: காற்று மாசுக் கண்காணிப்பு அதிகாரி அவர்கள்
நாள்: 19 ஜனவரி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இரவில் ஆலையிலிருந்து வரும் நெடியைப் பற்றி எழுதிய முதல் இரண்டு மனுவுக்கும் பதில் இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு மட்டும் "புகைமூட்டமாக இருக்கும்" என்றார்கள். அண்டை நாட்டுக் காட்டுத்தீப் புகை இங்கே வருவது ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில், தென்மேற்குக் காற்றில். இப்போது அடிப்பது வடகிழக்குக் காற்று. புகைபோக்கி எங்களுக்கு எந்தப் பக்கம் என்பது தாங்கள் அறியாததல்ல.

1. ஆலையே கூடாது என்று சொல்லவில்லை. எரித்தால் குப்பையின் கன அளவு பத்தில் ஒரு பங்காகிறது. சாம்பல் கொட்டும் செமாகாத் தீவும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்கிறார்கள். இந்தச் சின்ன ஊரில் வேறு வழியில்லை, சரி.

2. எங்கள் அறையில் பன்னிரண்டு பேர், ஏர்கான் கிடையாது. நிறுத்திவைத்த உலையை இரவு இரண்டு, மூன்று மணிக்கு மறுபடி மூட்டும்போது பிளாஸ்டிக் கருகிய நெடி வருகிறது. சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் தொண்டை எரிகிறது. நாலரைக்கு எழுந்து லாரி ஏற வேண்டியவர்கள் ஈரத் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு கிடக்கிறோம். ஆஸ்துமா உள்ள தம்பி ஒருவன் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தரையில் படுக்கிறான். பொங்கலுக்குக் கட்டத் துவைத்துப் போட்ட வேட்டியெல்லாம் காலையில் கரும்புள்ளி. அதைக்கூட விடுங்கள். தூங்காமல் சாரத்தில் ஏறுகிறவன் கால் தவறினால் யார் பொறுப்பு?

3. ஒருமுறை சோதிக்க ஆள் வந்தார்கள். காலை பதினொரு மணிக்கு! அந்நேரம் உலை சீராக எரியும், நெடி ஏது? சொல்லிவிட்டு வந்தார்களோ என்னவோ, அன்று ஆலை வாசலைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

4. எங்களில் இருவர் வேறோர் ஆலையில் ஷட்டவுன் வேலை, அதாவது உலையை நிறுத்திப் பழுது பார்க்கும் வேலை, பார்த்தவர்கள். டீசல் பர்னரால் உலையை 850 டிகிரிக்கு ஏற்றிய பிறகே குப்பை போட வேண்டும். அந்தச் சூட்டில் புகை 2 விநாடியாவது நின்றால்தான் டையாக்சின் போன்ற நஞ்சு சிதையும் என்கிறார்கள். டீசலை மிச்சம் பிடிக்க முன்னாலேயே குப்பையைத் தள்ளினால் இந்த நெடிதான். தூசியையும் நஞ்சையும் பிடிக்கும் பேக் ஃபில்டருக்குப் (துணிப்பை வடிகட்டி) போகாமல் புகையைத் திருப்பிவிடும் பைபாஸ் கதவும் திறந்திருந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே புகை அளவின் மாதச் சராசரியைக் கேட்டு வாங்கிப் போகாதீர்கள் ஐயா. கிரேன் முதல் பிடி குப்பை போட்ட நேரம், அந்த நிமிடம் உலையின் சூடு, பைபாஸ் திறந்த நேரம், இந்த மூன்றையும் கட்டுப்பாட்டு அறைப் பதிவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆலை ஒழுங்காக ஓடும் நாளில் டையாக்சின் சோதனை எடுத்தால், மூட்டுகிற இரவின் கணக்கு அதில் எப்படி வரும்?

5. அடுத்த உரிமத்தில், 850க்குக் கீழே குப்பை வாய் தானாகவே பூட்டிக்கொள்ள வேண்டும் என்று நிபந்தனை எழுதுங்கள்.

6. வாருங்கள். இரவில் வாருங்கள், சொல்லாமல் வாருங்கள். எங்கள் அறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அப்புறம் ஆலைக்குள் போங்கள். தயவுசெய்து வாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
மூன்றாம் மாடித் தொழிலாளர்கள்

பி.கு.: கையெழுத்துப் பக்கத்தை ஆலைக்கோ முதலாளிமார்களுக்கோ காட்டிவிட வேண்டாம். எங்கள் வேலை பெர்மிட் அவர்கள் கையில்.