பேஸ் பேப்பர் எங்கே என்று கேட்பதற்கு முன்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களில் இருக்கும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். நான் கணினிப் பொறியியல் படித்துவிட்டு சென்னையில் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் செக்யூரிட்டி வேலை பார்க்கிறேன். கேட்க வந்தது ஒன்றுதான்: கடைசி வருஷ பிராஜெக்டுக்கு மார்க் போடும் முறையை மாற்றுங்கள். மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, ஆனால் சுற்றி வளைக்காமல் எழுதப்போகிறேன்.

ஃபைனல் இயரில் நான் எடுத்துக்கொண்டு போன பிராஜெக்ட் தலைப்பு கூடங்குளம். 2019 அக்டோபர் கடைசியில் அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று செய்தி வந்ததும் நிலையத்தின் தரப்பில் முதலில் மறுத்தார்கள், மறுநாளே அணுமின் கழகம் அது உண்மைதான், ஆனால் நிர்வாக வேலைக்கான ஒரு கம்ப்யூட்டரில்தான், உலையை இயக்கும் நெட்வொர்க் தனி என்று அறிக்கை விட்டது. இணையத் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் சொல்லிவிட்டதாகவும் அதே அறிக்கையில் இருந்தது. அதாவது கிட்டத்தட்ட எட்டு வாரம் ஊருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் 2022 ஏப்ரல் 28-இல் செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது: இணையத் தாக்குதல் தெரியவந்தால் 6 மணி நேரத்துக்குள் தங்களிடம் சொல்ல வேண்டும், லாக் பதிவுகளை, அதாவது கம்ப்யூட்டரில் எப்போது என்ன நடந்தது என்ற குறிப்புகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். சரி, இந்த விதி 2019-இலேயே இருந்திருந்தால் நிலையத்துக்குப் பக்கத்து ஊரான இடிந்தகரைக்காரருக்கு ஏதாவது முன்னதாகத் தெரிந்திருக்குமா? எனக்குத் தோன்றிய பதில், தெரிந்திருக்காது என்பதுதான், ஏனென்றால் அந்த விதி அரசிடம் சொல்லச் சொல்கிறதே தவிர மக்களிடம் சொல்லச் சொல்லவில்லை. இதைத்தான் ஆராய்ந்து எழுதலாம் என்று நினைத்தேன்.

ஜீரோத் ரிவ்யூவில், அதாவது தலைப்புக்கு ஒப்புதல் வாங்கும் முதல் கூட்டத்தில், கேட்ட கேள்விகள் இரண்டு. பேஸ் பேப்பர், அதாவது பிராஜெக்டுக்கு அடிப்படையாக ஏற்கெனவே வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, எங்கே? டெமோ என்ன காட்டுவாய்?

இரண்டும் என்னிடம் இல்லை. கடைசியில் நெல் இலையின் போட்டோவை வைத்து நோய் கண்டுபிடிக்கும் ஒரு சாப்ட்வேரை பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கி, வைவாவில் ஒப்பித்து, நல்ல மார்க்கும் வாங்கினேன். எங்கள் வகுப்பில் இப்படிச் செய்தவன் நான் மட்டும் இல்லை என்பது உங்களுக்கும் தெரியும். என் கைடு மேல் எனக்கு வருத்தமே கிடையாது, பாவம், பிராஜெக்டுக்கு மார்க் போட அவர் கையில் கொடுத்திருந்த ஷீட்டில் இம்ப்ளிமென்டேஷனுக்கு, அதாவது செய்து ஓட்டிக் காட்டுவதற்கு, ஒரு கட்டம் இருந்தது, கேள்வி சரியா என்று பார்ப்பதற்குக் கட்டமே இல்லை.

அந்தக் கட்டத்தைப் போடத்தான் இந்த மடல். சட்டமும் அரசியலும் கணினியும் சேரும் இடத்தில் ஒரு மாணவர் செய்யும் ஆய்வு, ஓடுகிற சாப்ட்வேர் இல்லாவிட்டாலும், கடைசி செமஸ்டர் பிராஜெக்டாக ஏற்கப்பட வேண்டும். கைடு இரண்டு பேர் வேண்டும், இரண்டு துறையிலிருந்து. புதிதாகக் கட்டடம் எதுவும் வேண்டாம். சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பாதுகாப்பு மற்றும் போர்த்திறன் ஆய்வியல் துறை இருக்கிறது, கிண்டியில் பொறியியல் இருக்கிறது, பெருங்குடியில் சட்டம் இருக்கிறது. எல்லாம் ஒரே ஊருக்குள். ஆனால் ஒரு இடத்துப் பிள்ளை இன்னொரு இடத்தில் போய் உட்கார்ந்து ஒரு பேப்பர் படித்து கிரெடிட் வாங்குவது என்றால் எத்தனை கையெழுத்து என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

இணைய உளவையும் கண்காணிப்பையும் ஆராயும் டொரண்டோ பல்கலைக்கழகத்தின் சிட்டிசன் லேபை 2001-இல் தொடங்கியவர் ரான் டீபர்ட், அவர் அரசியல் அறிவியல் பேராசிரியர். 2009-இல் தலாய் லாமா அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களில் ஆரம்பித்து 103 நாடுகளில் பரவியிருந்த ஒரு உளவு வலையை வெளியே கொண்டுவந்த குழுவில் அவருடைய ஆட்களும் இருந்தார்கள். மேலே சொன்ன ஷீட்டைக் கையில் வைத்திருக்கும் நம்மிடம் அவர் வந்திருந்தால் அவரையும் டெமோ கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்போம்.

தலைப்புக்கும் இங்கே பஞ்சம் இல்லை. வெளிநாடுகளிலிருந்து வரும் கடலடி இணையக் கேபிள்கள் கரையேறும் முக்கியமான இடங்களில் ஒன்று சென்னை. அந்தமானுக்குப் போகும் கேபிளும் இங்கிருந்துதான், 2020 ஆகஸ்டில் இயக்கத்துக்கு வந்தது, ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர். அது அறுந்தால் யார் பொறுப்பு, யார் சரிசெய்வது, எந்தச் சட்டம்? மெரினாவைப் பார்த்துக்கொண்டே படிக்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல தலைப்பு எங்கே கிடைக்கும்? மாநில அரசே 2020-இல் சைபர் பாதுகாப்புக் கொள்கை ஒன்றும் செயற்கை நுண்ணறிவுக் கொள்கை ஒன்றும் வெளியிட்டது, அவற்றை வரிக்கு வரி படித்து எது நடந்தது எது நடக்கவில்லை என்று எழுதினாலே ஒரு நல்ல பிராஜெக்ட். மத்திய அரசின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்து, விதிகள் 2025 நவம்பரில் வந்தன (கசிவு பற்றிய விதி நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம்). அந்த விதிப்படி தரவு கசிந்தால் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு முழு விவரம் கொடுக்க 72 மணி நேரம், செர்ட்-இன்னுக்கோ 6 மணி நேரம். ஒரே கசிவுக்கு இரண்டு கடிகாரம், ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்காரர் எதைப் பார்த்து ஓடுவார்?

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் அதிகம் யோசித்தேன். என் ஜூனியர் ஒருவன் தன் கல்லூரி ரிசல்ட் பக்கத்தின் முகவரியில் ஒரு எண்ணை மாற்றிப் பார்த்தான், அடுத்தவர் மார்க் ஷீட் திறந்தது. நேராகப் போய்ச் சொன்னான். மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டார்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவு, உரிமையாளர் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டருக்குள் நுழைந்தாலே இழப்பீடு கேட்கலாம் என்கிறது, 66-ஆம் பிரிவில் தண்டனை வர நேர்மையற்ற நோக்கமோ மோசடி நோக்கமோ இருக்க வேண்டும். இந்த வித்தியாசம் அவனுக்கும் தெரியாது, அவனைத் திட்டியவருக்கும் தெரிந்த மாதிரி இல்லை. எதைத் தொட்டுப் பார்க்கலாம், எதைத் தொடக்கூடாது, ஓட்டை தெரிந்தால் யாரிடம் சொல்வது, சொன்னவன் மேல் நடவடிக்கை வராது, இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பல்கலைக்கழக முத்திரை போட்டுக் கொடுங்கள். அது இல்லாமல் எந்தப் பிள்ளையையும் இந்தத் துறைக்குக் கூப்பிட எனக்கு மனசு வரவில்லை.

தரவு எங்கே கிடைக்கும் என்று கேட்பீர்கள். நியாயம்தான், 2023 நவம்பரிலிருந்து செர்ட்-இன் தகவல் உரிமைச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் இருக்கிறது, அங்கே மனு போட்டுப் பெரிதாக எதுவும் வராது. ஆனால் நாடாளுமன்றப் பதில்கள், தணிக்கை அறிக்கைகள், டெண்டர் ஆவணங்கள் எல்லாம் திறந்தே கிடக்கின்றன. ஒரு காவல்துறை என்ன கேமரா வாங்கியது என்பதை டெண்டரைப் படித்தே சொல்லிவிடலாம், படிக்கக் கற்றுக்கொடுக்க ஆள்தான் வேண்டும்.

அந்த ஆள் கிடைக்கவில்லை என்றால் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். பயணப்படி வேண்டாம், என்னை மாதிரி இன்னும் நாலைந்து பேரையும் கூட்டிவருவேன். அடுத்த ஜீரோத் ரிவ்யூவுக்கு முன்னால் பிராஜெக்டுக்கு மார்க் போடும் அந்த ஷீட்டை மட்டும் மாற்றி வையுங்கள்.

இப்படிக்கு,
நெல் இலை பிராஜெக்டில் பாஸான ஒரு பழைய மாணவன்