பொங்கப்படி (பொங்கல் சீர்) அனுப்பிய அண்ணனுக்கு

அண்ணே,

இந்தத் தைக்கு நான் ஊருக்கு வரவில்லை. போனில் சொன்னால் நீ "சரி, உன் இஷ்டம்" என்று வைத்துவிடுவாய், அப்புறம் நடுவில் மதினி கிடந்து அல்லாட வேண்டிவரும், அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் பார்க்கிற மாதிரி இங்கே எழுதினால் சித்தி வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் படிப்பார்கள், குடும்பக் குழுவில் போடுவார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். பத்திர விஷயம் எதுவும் இதில் வராது. அதை நீயும் நானும் நேரில் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம்.

அம்மாவுக்கு முதல் திதி கழிந்துவிட்டது. போன வருஷம் உனக்குப் பொங்கல் கிடையாது. எனக்குத் தடையில்லை, கட்டிக்கொடுத்த பெண் வேறு வீடு, நீ வைக்கலாம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பெற்ற தாய் போனதற்கு வீட்டுக் கணக்கு பார்த்தா துக்கம் வரும்? நானும் வைக்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் ரசமும் அப்பளமும்தான்.

ஆக, அம்மா இல்லாமல் முற்றத்தில் நீ பானை வைக்கப்போவது இதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பது நியாயம்தான். வராமல் இருப்பதற்கு மன்னித்துக்கொள். ஆனால் அந்த முற்றத்தில் நின்றால் எனக்கு 2024 பொங்கல்தான் ஞாபகம் வரும்.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை அப்போது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது என்று உலகமே பேசியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட ஜனங்களை டிவியில் பார்த்துக்கொண்டு, உன் போனும் கிடைக்காமல், அம்மா போனும் கிடைக்காமல், சென்னையில் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். பொங்கலுக்கு வந்து பார்த்தால் சுவரில் என் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக்கோடு. இந்த வருஷம் முற்றம் வேண்டாம்டா, காஸ் அடுப்பிலேயே வைப்போம் என்று அம்மா சொன்னாள். நீ கேட்கவில்லை. அடுப்புக்கட்டி கரைந்து போயிருந்ததால் விடியுமுன்னே செங்கல்லைத் தேடிக் கொண்டுவந்து வைத்தாய். புறவாசலில் அடுக்கியிருந்த பனையோலை மேலே காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே மக்கிப் போயிருந்தது. பற்றவே இல்லை. புகைதான். அம்மா இருமிக்கொண்டே ஊதினாள், நான் முறத்தால் விசிறினேன், பானையில் தண்ணீர் சூடுகூட ஏறவில்லை, கிழக்கே வெளுக்க ஆரம்பித்துவிட்டது.

நீ எழுந்து உள்ளே போனாய். கோடாலிச் சத்தம் கேட்டது.

அப்பாவின் பெட்டி. தண்ணீரில் ஊறி மூடி விரிந்து அடிப்பலகை கழன்றதுதான், ஒத்துக்கொள்கிறேன். வீட்டில் நன்றாகக் காய்ந்திருந்த ஒரே மரமும் அதுதான். ஆனால் மூடியின் உட்பக்கம் நீ பிறந்த நேரத்தையும் நான் பிறந்த நேரத்தையும் அப்பா பென்சிலில் எழுதி வைத்திருந்தாரே, அந்த எழுத்து அத்தனை வெள்ளத்துக்குப் பிறகும் அழியவில்லை. முதல் நாள் சாயங்காலம்தான் தடவிப் பார்த்திருந்தேன். உடைக்கும்போது நீ அதைப் பார்த்தாயா என்று இதுவரை நான் கேட்கவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

தேக்கு நின்று எரிந்தது. பொங்கி வழிந்தது, கிழக்குப் பக்கம்தான் வழிந்தது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு குலவை போட்டாள். மூச்சு பாதியில் நின்று மறுபடி எடுத்துப் போட்டாள். அவள் போட்ட கடைசிக் குலவை அதுதான் என்று நம் யாருக்குத் தெரியும்? அந்தக் குலவை முடியும்முன்னே நான் உன்னைப் பார்த்துச் சொன்ன சொல்லை இங்கே எழுத மாட்டேன். அங்கே நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள், போதும். அதற்கு மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே கோடாலியை எடுத்துக் கொடுத்திருப்பேனே அண்ணே. கேட்காமல் செய்துவிட்டுப் பிறகு "அம்மாவுக்காகத்தானே செய்தேன்" என்பது உனக்குப் பழக்கம். இதற்கு மேல் எழுதினால் பத்திரத்துக்குப் போய்விடும்.

அம்மா போன பிறகு எனக்கு எதுவும் ஓடவில்லை. மாப்பிள்ளை உன்னிடம் சொல்லியிருப்பார். நடந்துபோய் வா, சினிமா பார் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கடைசியில் என்னை எழுப்பி உட்கார வைத்தது போன மாதம் வந்த திருக்கார்த்திகைதான். வழக்கமாகப் போகும் சந்தையில் ஒரு பாட்டி குருத்தோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வாங்கிவிட்டேன், வாங்கின பிறகு ஓலைக்கொழுக்கட்டை செய்யாமல் முடியுமா? அரிசி மாவில் உடன்குடி கருப்பட்டிப் பாகை ஊற்றி, தேங்காய்த் துருவலும் வறுத்த பாசிப்பருப்பும் சுக்கும் போட்டுப் பிசைந்து, ஓலைக்குள் அப்பி, மேலே இன்னொரு ஓலையை வைத்து நாரால் கட்டி அவித்தேன். அவிந்த ஓலை வாசம் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வந்ததும் சின்னவன் படிப்பதை விட்டுவிட்டு ஓடிவந்தான். பிரித்தால் கொழுக்கட்டை மேல் ஓலையின் வரி வரியாகத் தடம். அதை விரலால் தடவிவிட்டுத்தான் தின்றான். நீ தின்பது மாதிரியே. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

அதிலிருந்து ஒன்று விடாமல் செய்கிறேன். அடுக்குமாடி நடையில் மார்கழிக் கோலம் போடுகிறேன். பூசணிப்பூவுக்கு இங்கே எங்கே போக, செம்பருத்திதான். போன ஞாயிற்றுக்கிழமை சிறுகிழங்கு கிடைத்தது, விலையைச் சொன்னால் திட்டுவாய். அம்மா செய்கிற மாதிரியே சாக்கில் போட்டுக் கட்டி மொட்டை மாடித் தரையில் அடித்துத் தோலை எடுத்தேன். கீழ்வீட்டு அம்மா என்ன சத்தம் என்று ஏறி வந்தார். வந்தவரிடமே பொங்கலுக்கு மாடியில் அடுப்பு வைக்க அனுமதி வாங்கிவிட்டேன், அடியில் மணலைக் கொட்டி வைத்தால் சரி என்றார். ஆக, இந்த வருஷம் பானை இங்கேதான். உன்மேல் உள்ள கோபத்தில் எடுத்த முடிவு என்று யாராவது சொன்னால் நம்பாதே. கோபம் இருக்கிறது, அது வேறு. எனக்கென்று ஒரு வாசல் வேண்டியிருக்கிறது. இத்தனை வருஷம் அம்மா வாசலிலேயே கொண்டாடிவிட்டு வந்து, இங்கே லீவு நாள் மாதிரி இருந்துவிட்டேன்.

அப்புறம், போன வாரம் போனில் பணம் வந்தது. அம்மா இருந்தவரை பொங்கப்படி என்றால் மஞ்சக்குலை, பச்சரிசி, பனங்கிழங்கு எல்லாம் ஒரே சாக்கில் வரும், பிரித்தால் தரையெல்லாம் ஊர் மண். நீ பணத்தைத் தட்டிவிட்டாய், குறிப்பில் 'பொங்கல்' என்றுகூடப் போடவில்லை, கரண்டு பில் கட்டின மாதிரி இருந்தது. ஆனாலும் அனுப்பினாய். அந்த வெள்ளத்தில் வாழை மொத்தமும் போன பிறகு உன் கையில் எவ்வளவு புழங்கும் என்று தெரியாதவள் இல்லை நான். அதை வைத்து ஒரு வெண்கலப் பானை வாங்கிவிட்டேன், போதாததை மாப்பிள்ளை போட்டார். அடுத்த வருஷம் பணம் வேண்டாம். காய்ந்த ஓலை ஒரு கட்டு போதும், இந்த ஊரில் அதுதான் கிடைக்கமாட்டேன் என்கிறது. இந்தத் தடவை சவுக்கு விறகுதான்.

மறுநாள் சுண்டக்கறி வைப்பாய் அல்லவா, மதினியை அடி பிடிக்க விடச் சொல். அவள் பயந்து பயந்து இறக்கிவிடுகிறாள் என்று நீயே குறைப்பட்டாய். குழம்பு, அவியல், பொரியல் மீந்ததெல்லாம் ஒன்றாய்ச் சுண்டி, அடியில் கொஞ்சம் கருகினால்தான் அது சுண்டக்கறி. அந்தக் கருகலை உனக்கும் எனக்கும் அம்மா சமமாகப் பிரித்ததே இல்லை. எப்போதும் உனக்குத்தான் ஒரு வாய் கூட. இந்த வருஷம் கருகல் முழுசும் உனக்கே.

தைப்பூசம் இந்த 2026-இல் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. சனிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு எனக்கும் பிள்ளைகளுக்கும் டிக்கெட் போட்டாயிற்று. உன் மகள், சிறுபிள்ளைகள் வைக்கிற சிறுவீட்டுப் பொங்கலுக்கு மார்கழி முழுக்கப் பூவும் சாணியும் தட்டிக் காயவைத்துக்கொண்டிருக்கிறாள் என்று மதினி படம் அனுப்பியிருந்தது. நான் வரும்வரை அந்தப் பூ வறட்டியை ஆற்றில் விடக்கூடாது என்று அவளிடம் சொல். குலவை நான் போடுகிறேன், எனக்குச் சரியாக வராது, சிரிக்காதீர்கள். பெட்டிப் பேச்சையும் எடுப்பேன். இப்போதே சொல்லிவிட்டேன், அப்போது எழுந்து வயலுக்குப் போய்விடாதே.

உன் தங்கச்சி